'நல்ல' என்னும் சொல்

சென்ற ஆண்டு தை மாதத்தில் இராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். மணமகனுக்குத் தாய் இல்லை. அவன் பால்குடி மறவாத பருவத்திலேயே தாய் இறந்துவிட, அவனை எடுத்து வளர்த்து ஆளாக்கியவர் அவனுடைய அத்தை. அவரும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் பங்குக் கோவிலில் திருமணத் திருப்பலி நடந்தது. மணமக்களுக்குப் பின் முதலாவதாக எழுந்து சென்று நன்மை வாங்கியவர் அந்த அத்தைதான்.

இரண்டு மணி நேரம் கழித்து மணமக்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஆரத்தித் தட்டு ஆயத்தமாக இருந்தது. அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உறவுக்காரப் பெரியவர் ஒருவர், கடுமை சிறிதும் இல்லாத குரலில், "நல்ல காரியம் நடக்கிற இடமுங்க, நீங்க சித்த உள்ளே போய் இருங்க" என்றார். "நல்லதுங்க" என்றார் அத்தை. உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் சண்டையிடவில்லை, யாரும் கண்ணீர் வடிக்கவில்லை. பந்தி நடந்தது; வாழ்த்துரைகள் நடந்தன. ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் அந்த மூன்று சொற்கள் என்னை விட்டு அகலவில்லை. கோவிலில் 'நன்மை'. வாசலில் 'நல்ல காரியம்'. அத்தையின் வாயில் 'நல்லது'. மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ஒரே முற்பகலில் ஒரே பெண்மணியை முதல் வரிசைக்கு அழைத்ததும், வாசலிலிருந்து அனுப்பியதும், அனுப்பியதை ஏற்கச் செய்ததும் அந்த ஒரே வேர்தான். நாள்தோறும் நூறு முறை சொல்லும் இச்சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள் என்று தேடிப்பார்க்கத் துணிந்தேன். அந்தத் தேடலின் பயனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

தொல்காப்பியர் சொன்ன பொருள்

'நல்ல' என்பதை இலக்கண நூலார் குறிப்புப் பெயரெச்சம் என்பர். 'நல்' என்பது அதன் பண்படி. நன்மை, நன்று, நலம், நல்லது, நல்லார் ஆகியன அவ்வடியிலிருந்து பிறந்தவை.

தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தில் உரியியல் என்றோர் இயல் உண்டு. பொருள் வெளிப்படையாக விளங்காத சொற்களுக்கு மட்டுமே அங்கே பொருள் கூறப்படும். யாவரும் அறிந்த சொல்லை விளக்கவேண்டியதில்லை என்று ஆசிரியரே நெறி வகுத்துக்கொள்கிறார். அத்தகைய இயலில் 'நன்று' என்னும் சொல் இடம்பெற்றிருப்பது நம்மை வியக்க வைக்கிறது. 'நன்று' யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவர் அதற்குத் தரும் பொருள் நாம் எதிர்பார்ப்பது அன்று. 'பெரிது' என்பதே அவர் தரும் பொருள். ஒழுக்கத்தைக் குறிக்கும் 'நன்று' அன்றே எல்லாருக்கும் தெரிந்திருந்தது போலும். அளவைக் குறிக்கும் 'நன்று' மட்டுமே விளக்கம் வேண்டி நின்றது.

இப்பொருள் ஏட்டோடு மறைந்துவிட்டதா என்றால், இல்லை. "நேற்று நல்ல மழை" என்கிறோம். "நல்ல வெயிலில் நடந்து வந்தேன்" என்கிறோம். "நல்ல அடி" என்றும் சொல்கிறோம். பள்ளிப் பருவத்தில் 'நல்ல அடி' என்று கட்டுரையில் எழுதியதற்காக என் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்தார். அடியில் நல்லது ஏது என்பது அவர் கேள்வி. அவர்மீது குறை சொல்லவில்லை. ஆனால் அடிபட்ட பையனும் வெயிலில் நடந்த உழவனும் பேசியது கொச்சை அன்று, தொல்காப்பியர் எடுத்து விளக்கிய பழம்பொருளே என்று பிற்காலத்தில் அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

இங்கே நமக்கு நெருக்கமான ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாளை ஆங்கிலேயர் 'நல்ல வெள்ளி' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அங்கே அச்சொல்லுக்குப் 'புனிதமான' என்னும் பழைய பொருள் உண்டு. இன்று அவர்களுள் பலருக்கே அது விளங்குவதில்லை. நம் முன்னோர் அந்நாளைப் 'பெரிய வெள்ளி' என்றனர். அவர்கள் 'நல்ல' என்றார்கள், நாம் 'பெரிய' என்றோம். தொல்காப்பியரோ இரண்டும் ஒன்றே என்று முன்னரே எழுதி வைத்திருக்கிறார். இது தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

அழகும் கல்வியும் மதிப்பும்

அளவைக் குறித்த இச்சொல் அழகையும் குறித்தது. சங்கப் பாடல்களில் 'நலம்' என்பது பெரும்பாலும் பெண்ணின் அழகு. திருக்குறளின் 112ஆம் அதிகாரத்திற்கு 'நலம் புனைந்துரைத்தல்' என்று பெயர். தலைவியின் அழகைத் தலைவன் புகழ்ந்துரைப்பதுதான் அங்கே செய்தி. அவளுடைய உடல்நிலையை விசாரிப்பது அன்று. இன்று நாம் "நலமா?" என்று கடிதத்தில் கேட்கும்போது அந்த அழகு முற்றிலும் மறைந்து உடல்நலம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பழைய செய்யுள்களில் 'நல்லார்' என்னும் சொல்லுக்கே பல இடங்களில் 'பெண்கள்' என்பது பொருள். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதே 'நல்லார்' வேறிடத்தில் கற்றவர்களைக் குறிக்கிறது. கல்லாதவனிடம் சேர்ந்த செல்வம், நல்லாரிடம் உள்ள வறுமையைவிடத் துன்பம் தருவது என்கிறார் வள்ளுவர் (குறள் 408). கல்லார்க்கு எதிரே நல்லார் நிற்பதால் பரிமேலழகர் அதற்குக் கற்றார் என்றே பொருள் கொண்டார். ஒழுக்கமுடையோரை வள்ளுவர் மறந்துவிடவில்லை. கற்றவர் நல்லவராக இருப்பார் என்று அக்காலம் நம்பியது. அந்த நம்பிக்கை இன்று நமக்கு எவ்வளவு தூரம் உண்டு என்பது வேறு கேள்வி.

சங்கப் புலவர்களின் பெயர்களையும் பாருங்கள். நல்லந்துவனார், நல்வேட்டனார், நல்லுருத்திரன் என்று 'நல்' முன்னே நிற்கும். அது குறுகி 'ந' என ஆகி நக்கீரர், நத்தத்தனார், நப்பூதனார் என்றும் வரும். பெண்பாற் புலவர்களான நச்செள்ளையாருக்கும் நக்கண்ணையாருக்கும் அதே முன்னொட்டு உண்டு. இது அவர்களுடைய நடத்தைக்கு யாரோ வழங்கிய நற்சான்றிதழ் அன்று. மதிப்புக்காகச் சேர்த்த அடைமொழி. நம் பழைய செபப் புத்தகங்களில் புனிதர்களின் பெயருக்கு முன்னால் 'அர்ச்.' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டவர்களுக்கு இவ்வழக்கம் எளிதில் விளங்கும்.

பிறகு ஒளவையார் வருகிறார். புறநானூற்றின் 187ஆம் பாட்டில் அவர் நிலத்தை நோக்கிப் பேசுகிறார். நாடாக இருந்தாலும் காடாக இருந்தாலும், பள்ளமாக இருந்தாலும் மேடாக இருந்தாலும், அங்கே வாழ்பவர் நல்லவரானால் நிலமே நீயும் நல்லை என்பது அதன் கருத்து. நிலத்துக்குத் தனியே நன்மை தீமை இல்லை. இடமோ நேரமோ பொருளோ அல்ல, மனிதரின் செயலே 'நல்ல' என்னும் சொல்லுக்கு உரியது என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்புலவர் முடிவு கூறிவிட்டார். நாம்தான் இன்னும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணெயும் மிளகும் தண்ணீரும்

ஏட்டை விட்டு வீட்டுக்குள் வருவோம். 'நல்லெண்ணெய்' என்பதில் உள்ள 'நல்ல' என்ன பொருள் தருகிறது? எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆகவே 'எண்ணெய்' என்றாலே எள்ளெண்ணெய் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் தேங்காயிலும் ஆமணக்கிலும் வேம்பிலும் எடுத்ததற்கும் அப்பெயரே பரவியது. தென்னமெரிக்காவிலிருந்து நிலக்கடலை வந்து நம் சேலம், நாமக்கல் பகுதி மானாவாரிக் காடுகளை நிறைத்தபோது கடலையெண்ணெயும் சேர்ந்துகொண்டது. பெயர் எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட பிறகு, அதற்கு முதல் உரிமை பெற்றதை எப்படிச் சுட்டுவது? 'நல்ல' என்னும் அடை அதற்கு உதவியது என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்ற எண்ணெய்கள் கெட்டவை என்பது அதன் பொருள் அன்று. 'மெய்யான, முதலாவதான' என்பதே பொருள்.

குமரி மாவட்டத்துக்குச் சென்றவர்கள் இதற்கு இன்னொரு சான்று கண்டிருப்பார்கள். நாம் மிளகு என்பதை அங்கே 'நல்லமிளகு' என்பார்கள். மலையாளத்திலும் அவ்வழக்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் வந்து சேர்ந்தது. வந்தது மிளகின் பெயரையே வாங்கிக்கொண்டது. ஆகவே பழைய மிளகு, நானே மெய்யான மிளகு என்று சொல்லிக்கொள்வதற்கு 'நல்ல' தேவைப்பட்டது.

இனித் தண்ணீர். நம் ஊர்களில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்குழாய்க் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க ஆவது நல்ல தண்ணீர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து குழாய்வழி வரும் காவிரி நீரை நம் தாய்மார்கள் எந்த அகராதியையும் பாராமல் 'நல்ல தண்ணி' என்றே அழைக்கிறார்கள். "நல்ல தண்ணி வந்திருச்சு" என்னும் குரல் கேட்டவுடன் தெருவே குடங்களோடு ஓடுகிறது. இங்கே 'நல்ல' என்பதற்கு 'உயிர் வாழ உதவுகிற' என்பது பொருள். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணோடு ஆண்டவர் பேசிய உரையாடலை நம் ஊர்க் குழாயடியில் நின்று வாசித்தால் இன்னும் நன்றாக விளங்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அச்சத்தில் பிறந்த 'நல்ல'

எண்ணெயும் தண்ணீரும் நமக்குப் பயன்படுகின்றன. அவற்றை 'நல்ல' என்கிறோம். பாம்பு என்ன நன்மை செய்தது? கடித்தால் உயிர் போகும் பாம்புக்குத்தான் 'நல்ல பாம்பு' என்று பெயர். இதற்குக் காரணம் அச்சமும், அச்சத்தோடு கலந்த வணக்கமும் எனலாம். கொடியதை அதன் கொடிய பெயரால் அழைத்தால் அது வந்துவிடும் என்று மனித மனம் எங்கும் அஞ்சியிருக்கிறது. வைசூரியை நம்மவர் 'அம்மை' என்று தாயின் பெயரால் அழைத்தனர். கப்பல்களை விழுங்கிய கருங்கடலைக் கிரேக்கர் 'விருந்தோம்பும் கடல்' என்றனர்.

தொலைவில் உள்ள ஸ்காட்லாந்தின் பழைய மொழியிலும் இதே காட்சி. அங்கே 'நல்ல' என்று பொருள்படும் 'கூட்' என்னும் சொல்லை மக்கள் அஞ்சிய மாயத் தேவதைகளுக்குச் சூட்டி, 'நல்ல அண்டை வீட்டார்' என்றார்கள். குழந்தைகளைத் தூக்கிச் சென்றுவிடும் என்று நம்பப்பட்ட தேவதைகளுக்கு இந்தப் பெயர்! அதே சொல்லைக் குடும்ப உறவுக்கும் பயன்படுத்தினார்கள். மாமியாரை 'நல்ல தாய்' என்றும், மனைவியின் உடன்பிறந்தானை 'நல்ல சகோதரன்' என்றும் பொருள்படும் சொற்களால் அழைத்தார்கள். மாமியாருக்கு அப்பெயர் சூட்டியது அன்பினாலா, தேவதைகளுக்குச் சூட்டிய அதே காரணத்தினாலா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். எப்படியாயினும், உலகெங்கும் மிகச் சாதாரணமான அடைமொழியே மிக அதிகமான சுமைகளைச் சுமக்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

நாளும் குலமும்

இதுவரை கண்ட பொருள்களில் எதுவும் யாரையும் துன்புறுத்துவதில்லை. இனிச் சொல்லப்போவது அப்படியன்று.

'நல்ல காரியம்', 'நல்ல நாள்', 'நல்ல சகுனம்' என்னும்போது 'நல்ல' என்பதற்கு 'மங்கலமான' என்பது பொருள். 'நல்லது கெட்டது' என்று நம் பக்கத்தில் சொன்னால் திருமணமும் இறப்பும். இதில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை. ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் நடந்தாலும் திருமணம் நல்ல காரியம்தான். எவ்வளவு அன்போடு நடந்தாலும் அடக்கம் நல்ல காரியம் ஆகாது. இவ்வாறு ஒழுக்கத்திலிருந்து பிரிந்துவிட்ட 'நல்ல', சிலரை உள்ளே சேர்த்துச் சிலரை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடுகிறது. அந்த வாசலில் அத்தையை யாரும் தீயவர் என்று சொல்லவில்லை, மனத்தாலும் நினைக்கவில்லை. அவர் தூய வாழ்வு வாழ்ந்தவர் என்பதை உள்ளே போகச் சொன்னவரே சாட்சி சொல்வார். ஆயினும் அவர் 'நல்ல' காரியத்துக்கு ஆகாதவர். ஒரு காலத்தில் பெண்களுக்கே பெயராக வழங்கிய 'நல்லார்' எங்கே, இந்த 'நல்ல' எங்கே!

'நல்ல குடும்பம்' என்பதும் இத்தகையதே. மணமகளுக்கோ மணமகனுக்கோ வரன் தேடும்போது "நல்ல குடும்பமாக இருக்கவேண்டும்" என்கிறோம். கடவுளுக்கு அஞ்சி வாழும் குடும்பம் என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் தரகர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்? அவர் முதலில் சாதியைப் பார்க்கிறார், பிறகு சொத்தைப் பார்க்கிறார். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நாம் அவரைத் திருத்துவதும் இல்லை. நம் சமவெளிக்கு நற்செய்தி வந்தது நேற்றோ முன்தினமோ அன்று. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட இராபர்ட் தெ நோபிலி அடிகளார் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். நான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. நற்செய்தியிலுள்ள 'நல்'லும் நல்ல குடும்பத்திலுள்ள 'நல்ல'வும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்காமலே நம் வீடுகளில் வாழ்கின்றன.

நல்லதும் அல்லதும்

ஒரு சொல்லை நன்கு அறிய அதன் எதிர்ச்சொல்லைக் கேட்க வேண்டும். இன்று 'நல்ல' என்பதற்கு எதிர்ச்சொல் 'கெட்ட'. பழந்தமிழிலோ வேறோர் இணையும் உண்டு. குறள் 96இல் நல்லவைக்கு எதிரே அல்லவை நிற்கின்றன. புறநானூற்றின் 195ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் முதியவர்களைப் பார்த்து, நல்லது செய்ய இயலாவிட்டாலும் அல்லது செய்வதையாவது தவிருங்கள் என்று அறிவுறுத்துகிறார். 'அல்லது' என்றால் 'நன்மை அல்லாதது' என்பது பொருள். தீமையைக் குறிக்க 'அல்ல' என்னும் வெறும் மறுப்பே போதுமானதாக இருந்தது. தீது, தீமை என்னும் சொற்களும் அக்காலத்தில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் 'நல்ல × அல்ல' என்னும் இணையைப் படைத்த மனம் தீமையை ஒரு பொருளாகக் காணவில்லை, ஓர் இன்மையாகக் கண்டது.

இதைப் படிக்கும்போது புனித அகுஸ்தினார் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். 354 முதல் 430 வரை வாழ்ந்த அவர், இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானிக்கேய மதத்தைப் பின்பற்றினார். நன்மையும் தீமையும் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிடும் இரு பெரும் ஆற்றல்கள் என்பது அம்மதத்தின் கொள்கை. அதிலிருந்து விடுபட்ட அகுஸ்தினார், தீமைக்குத் தனி இருப்பு இல்லை, நன்மையின் குறைவே தீமை என்ற முடிவுக்கு வந்தார். இறைவன் படைத்தவை யாவும் நல்லவை. அந்த நன்மை எங்கே குறைகிறதோ அங்கே தீமை. அவர் இலத்தீனில் நீண்ட விவாதங்களால் நிறுவியதை நம் மொழி ஓர் எதுகையிலே வைத்திருந்தது.

இன்றைய 'கெட்ட' என்னும் சொல்லும் உற்றுநோக்கினால் அதே உண்மையைச் சொல்கிறது. பால் கெட்டது என்றால் அது முன்பு நல்ல பாலாக இருந்தது என்று பொருள். கெட்டவன் என்பவன் கெட்டுப்போனவன். அவனைத் திட்டும் சொல்லே, அவன் முன்பு நல்லவனாக இருந்தான் என்பதற்குச் சான்று கூறுகிறது. ஒருவரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்த்தால் நாக்கு சற்றுத் தயங்கும்.

மறைநூலின் 'நல்ல'

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில், படைத்தவற்றை இறைவன் நல்லது என்று கண்டதாக எபிரேய மூலத்தில் ஏழு முறை வருகிறது. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அங்கே 'காலோஸ்' என்னும் சொல்லைக் கையாண்டனர். ஒழுக்கத்தால் நல்லது என்பதற்குக் கிரேக்கத்தில் 'அகாத்தோஸ்' என்றொரு சொல் உண்டு. 'காலோஸ்' என்பதிலோ அழகும் மேன்மையும் கலந்திருக்கின்றன. யோவான் நற்செய்தியில் ஆண்டவர் தம்மை நல்ல ஆயன் என்று கூறும் இடத்திலும் 'காலோஸ்' தான் இருக்கிறது. நன்மையை அழகோடு சேர்த்துக் கண்ட பழந்தமிழ் 'நலம்' இதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! நல்ல ஆயன் என்னும்போது குற்றமற்ற ஆயன் என்பதோடு, கண்டவர் மனத்தைக் கவரும் ஆயன் என்றும் பொருள் கொள்ள நம் மொழியில் இடமிருக்கிறது.

கிரேக்கத்தில் 'எவு' என்னும் முன்னொட்டும் நன்மையைக் குறிக்கும். நற்செய்தி என்பதற்குரிய 'எவாங்கேலியோன்' அதனோடு தொடங்குகிறது. நம் முன்னோர் வழங்கிய 'சுவிசேஷம்' என்பதிலும் 'சு' என்பது நன்மையைக் குறிக்கும் வடமொழி முன்னொட்டு; விசேஷம் என்பது செய்தி. "என்ன விசேஷம்?" என்று இன்றும் கேட்கிறோம் அல்லவா? நன்றி செலுத்துதல் என்று பொருள்படும் 'எவுக்கரிஸ்தியா'வைப் பிரித்தால் 'எவு' நன்மை, 'காரிஸ்' அருள். நம்முடைய 'நற்கருணை'யைப் பிரித்தாலும் நல், கருணை என்றே கிடைக்கும். இன்னும் எளிமையாக நம் பாட்டிமார் அதை வெறும் 'நன்மை' என்றனர். 'புதுநன்மை வாங்கினான்' என்பது அவர்கள் வழக்கு. எந்த அடையும் அடைமொழியும் இன்றி, உலகில் உள்ள நன்மை என்றால் இதுதான் என்பது போன்ற துணிவான வழக்கு அது. அதை நாம் இழந்துவிடலாகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மறைநூல் தராத இடத்தில் திருச்சபை மரபு 'நல்ல' என்பதைச் சேர்த்த இடங்கள் உண்டு. 'நல்ல சமாரியர்' என்கிறோம். லூக்காவின் உவமையில் 'சமாரியர்' என்று மட்டுமே இருக்கிறது. 'நல்ல கள்வன்' என்கிறோம். லூக்காவோ ஆண்டவரோடு சிலுவையில் அறையப்பட்ட இருவரையும் 'தீயன செய்தோர்' என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார். அந்தக் காலத்து யூதச் சமுதாயத்தில் சமாரியர் வேலிக்கு வெளியே நின்றவர். கள்வன் சட்டத்துக்கு வெளியே நின்றவன். அவ்விருவர் பெயருக்கு முன்னும் மரபு துணிந்து 'நல்ல' என்று எழுதியது. பிறப்பையும் கடந்தகாலத்தையும் அது கேட்கவில்லை. ஒருவர் காயத்தில் எண்ணெய் வார்த்தார். மற்றவர் உடன் தொங்கியவருக்காகப் பரிந்து பேசினார். அது போதுமானதாக இருந்தது. புறநானூற்றில் ஒளவையார் நிலத்துக்குச் சொன்ன அளவுகோலும் இதுவே அல்லவா?

கானாவூரில் ஒரு நல்ல காரியம்

மீண்டும் அந்த வாசலுக்கு வருகிறேன். யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. கானா ஊரில் திருமணம். இயேசுவின் தாய் அங்கே இருந்தார். யோசேப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆண்டவரின் பொதுவாழ்வு தொடங்கும் முன்பே அவர் இறந்திருக்க வேண்டும் என்பதே திருச்சபை மரபு கொண்ட கருத்து. அப்படியானால் அந்தத் திருமண வீட்டில் நடமாடிய மரியா ஒரு கைம்பெண். நம் ஊர் வழக்கப்படி அவரை உள்ளே போய் இருக்கச் சொல்லியிருப்பார்கள்.

நல்ல வேளையாக யாரும் அப்படிச் சொல்லவில்லை. குறை எங்கே என்று முதலில் கண்டவர் அவரே. மகனிடம் சென்று சொன்னவர் அவரே. பணியாளர்களை ஆயத்தப்படுத்தியவரும் அவரே. பின்னர் பந்தி மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்து, நல்ல இரசத்தை இதுவரை வைத்திருந்தீரே என்று மணமகனிடம் வியக்கிறார். அங்கேயும் கிரேக்கத்தில் 'காலோஸ்' என்னும் அதே சொல். அந்தத் திருமணக் கதையில் 'நல்ல' என்னும் அடைமொழி பெறுவது அந்த இரசம் ஒன்றுதான். நாளும் நேரமும் குடும்பமும் அதைப் பெறவில்லை. ஒரு கைம்பெண் வாசலில் நின்றிருந்ததால் அந்த இரசம் வந்தது.

சொற்களின் வரலாற்றை நாம் மாற்ற இயலாது. 'நல்ல' என்னும் சொல் பெரியதையும் அழகையும் கல்வியையும் மெய்யையும் மங்கலத்தையும் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கும். நல்ல பாம்பு நல்ல பாம்பாகவே இருக்கட்டும். அதனால் யாருக்கும் இழுக்கில்லை. ஆனால் மனிதரைக் குறித்து அச்சொல்லைச் சொல்லும்போது எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்வது நம் கையில் இருக்கிறது. காலையில் பீடத்தருகே நன்மை பெற்றவரை நண்பகலில் நல்ல காரியத்திலிருந்து விலக்கினால், இரண்டில் ஒன்றை நாம் பொய்யாக்குகிறோம்.

அத்தை சொன்ன "நல்லதுங்க" என்னும் விடைக்கு எந்த அகராதியிலும் சரியான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. 'அப்படியே ஆகட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. வரும் பங்குனியில் அதே வீட்டில் குழந்தைக்குத் திருமுழுக்கு. அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை வாசலில் அத்தையின் பக்கத்தில் நிற்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.